கப்பலுக்கு எப்போது புறப்படுவது

நாங்கள் கப்பலில் போய்வந்ததிலிருந்து எனக்குப் புதிதாக ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. சுரங்கத்தில் இன்னும் வேலை பார்க்கிற பையன்கள், அடுத்து ரிட்டையர் ஆகப் போகிறவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் போன் செய்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "அண்ணே, நாங்களும் சென்னையில கப்பல் புக் பண்ணியிருக்கோம். எத்தினி மணிக்கு ஹார்பர்ல இருக்கணும்?" டிக்கெட்டில் போட்டிருக்குமே என்றால், "போட்டிருக்குண்ணே, ஆனா நீங்க சொல்லுங்க" என்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஷிஃப்ட் பார்த்தவன் நேரத்தைப் பற்றிச் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை போலிருக்கிறது.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாளே சென்னைக்குப் போய் எங்கேயாவது தங்கிவிடுங்கள். மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் துறைமுகத்தில் போய் நில்லுங்கள். ரொம்ப முன்னால் போனால் செக்யூரிட்டி வெயிலில் நிறுத்திவிடுவான். அவ்வளவுதான் விஷயம். வேலை இருப்பவர்கள் இத்துடன் எழுந்து போகலாம். ஏன் என்று கேட்பவர்களுக்கு மட்டும் மீதியைச் சொல்கிறேன். அதற்குக் கப்பலிலிருந்து ஆரம்பித்தால் ஆகாது, மெஷினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் நெய்வேலி சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் ஓட்டினவன். பெரிய சக்கரத்தைச் சுற்றிலும் பக்கெட்டுகள் இருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற, பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அது வெட்டிப் பெல்ட்டில் கொட்டும். மாடி வீடு மாதிரி உயரம், டாங்கி மாதிரி இரும்பு டிராக்கில் நகரும். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. கிரீஸ் துணியோடு சுற்றினேன், திட்டு வாங்கினேன், பெர்மனன்ட் ஆனேன், கல்யாணம் ஆயிற்று, குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எல்லோருக்கும் நடந்ததுதான்.

நிற்காமல் ஓடும் மெஷினில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அடுத்த ஷிஃப்ட் ஆள் வராமல் இருக்கிற ஆள் இறங்கக் கூடாது. அந்த அடுத்த ஆளை ரிலீவர் என்போம். மெயின் கேட்டில் பஞ்ச் அடித்துவிட்டால் ரிலீவர் வந்ததாகக் கணக்கு இல்லை. கீழே பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டான் என்று யாராவது கை காட்டினாலும் கணக்கு இல்லை. அவன் ஏணியில் ஏற வேண்டும், கேபினுக்குள் வர வேண்டும், என் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். இடது பக்க டிராக்குக்குக் கீழே மண் இளகியிருக்கிறது, இந்தப் பக்கெட்டில் ஒரு பல் போயிருக்கிறது, பெல்ட் வலது பக்கமாக ஓடுகிறது, எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லியாயிற்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவன் லீவரில் கை வைப்பான். "சரி, நான் வந்துட்டேன், நீ கெளம்பு" என்பான். அப்புறம்தான் நான் என் சாப்பாட்டுத் தூக்கை எடுக்கலாம்.

எனக்கு அடுத்து வருகிறவன் இராமலிங்கம். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன். கொஞ்சம் நிலம் உள்ள குடும்பம், சுரங்க வேலையும் கிடைத்தது, குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று சொந்த வீட்டிலேயே இருந்துவிட்டான். ஷிஃப்ட் மாறினாலும் வரிசை மாறாது. நான் இறங்கினால் அவன் ஏறுவான். இப்படியே எங்கள் சர்வீஸ் ஓடியது. எங்கள் சிநேகிதம் மொத்தமும் அந்தக் கேபினில், கைமாற்றிவிடும் பத்து நிமிஷத்தில் நடந்ததுதான். அவன் பையனுக்கு அம்மை போட்டது, என் மகள் பத்தாவது பாஸ் ஆனது எல்லாம் பெல்ட் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லிக்கொண்டோம். பொங்கலுக்கு நான் வீட்டில் இருந்தால் அவன் சுரங்கத்தில். தீபாவளிக்கு அவன் வீட்டில் இருந்தால் நான் சுரங்கத்தில். அத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒருவேளை சேர்ந்து சாப்பிட்டதில்லை.

எங்கள் ஃபோர்மேன் ஆரோக்கியசாமி சார், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு. சத்தம் போடவே மாட்டார். போட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு ஏணியடியில் வந்து நிற்பார். வாட்சைப் பார்க்க மாட்டார், வருகிறவன் முகத்தைப் பார்ப்பார். "ஏன் லேட்டு?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கேட்பது ஒன்றுதான். "எப்ப பொறப்பட்ட?"

பொய் சொல்லலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், "வீட்ல கேக்கட்டுமா?" என்பார். கேட்கவும் செய்வார். புதிதாக வந்த ஆபரேட்டர் ஒருத்தன் ஒருநாள் வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பி, வழியில் யாரோ ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டதால் சரியான நேரத்துக்கு வந்துவிட்டான். அவனைப் பிடித்து அந்த வாரம் முழுக்க பெல்ட்டுக்கு அடியில் சேறு அள்ளும் கும்பலோடு அனுப்பிவிட்டார். "நேரத்துக்குத்தானே சார் வந்தேன்" என்று அவன் அழாக்குறையாகச் சொன்னான். "வந்தது ஸ்கூட்டர்க்காரன் புண்ணியம். பொறப்படறதுதான் உன் வேலை. அதை நீ செய்யலை" என்றார். அதே மனுஷன், நேரத்தோடு கிளம்பியும் லேட்டாக வந்தவனைக் கூப்பிட்டுத் தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். வீட்டில் நான் அவர் மாதிரியே பேசிக் காட்டுவேன். கடைக்குப் போன மகள் திரும்பி வந்தால், "எப்ப பொறப்பட்ட?" என்று மூக்கால் கேட்பேன். என் மனைவி கமலாவும் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு மழையோடு நின்றுபோனது.

திருச்சி ஆஸ்பத்திரியில் கமலாவின் அம்மாவுக்கு முடியாமல் இருந்தது. நைட் ஷிஃப்ட்டுக்கு நான் கிளம்பும்போது, உடனே வரச் சொல்லித் தகவல் வந்தது. கமலா தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. விடிந்து ஷிஃப்ட் முடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தபோது சுரங்கமே சேறாகக் கிடந்தது. மெஷின் நின்ற மண் இளகத் தொடங்கிவிட்டது. வெட்டுமுகத்தை விட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் டிராக் புதையும், மெஷின் சாயும், உள்ளே இருக்கும் ஆட்களும் சேர்ந்து போவார்கள். என்னோடு இருந்த ஹெல்பருக்கு லீவரைத் தொட அனுமதி இல்லை. மாற்று ஆபரேட்டரை அடுத்த மெஷினுக்கு அனுப்பிவிட்டார்கள், அதன் நிலைமை எங்களைவிட மோசம்.

ரிலீவர் நேரம் வந்தது. இராமலிங்கம் வரவில்லை.

ஆரோக்கியசாமி சார் மழையில் ஏறி வந்து கேபின் வாசலில் நின்றார். "ஒன் நிலைமை எனக்குத் தெரியும் சேகர். கண்ட்ரோல் ரூமுக்கு மூணு தடவை பேசிட்டேன். ஆள் இல்லை" என்றார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். இறங்கிப் போ என்று அவராலும் சொல்ல முடியாது, போகிறேன் என்று என்னாலும் சொல்ல முடியாது. அவரும் உள்ளே வந்து உட்காரவில்லை. நான் ஓட்டினவரைக்கும் வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றார். ஒரு கண் டிராக் மேலும் ஒரு கண் ஏணி மேலுமாக எனக்கு நேரம் போயிற்று. கமலா பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும்.

அரை நாள் ஆகப்போகிற நேரத்தில் இராமலிங்கம் வந்தான். இடுப்பு வரைக்கும் சேறு, செருப்பு கையில். சார் கேட்டார், "எப்ப பொறப்பட்ட?"

"நாலு மணிக்கெல்லாம் வூட்ட வுட்டுட்டேன் சார். பஸ் வரல. தரைப்பாலம் மூய்கிப் போச்சு. சுத்திகினு நடந்தே வரேன்."

சார் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். அவனுக்கு டீ ஊற்றுவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் முறையாகத்தான் ஒப்படைத்தேன். டிராக்கைச் சொன்னேன், மண்ணைச் சொன்னேன், எவ்வளவு தூரம் பின்னுக்கு இழுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவன் லீவரில் கை வைத்தான். "நான் வந்துட்டேன், நீ கெளம்பு சேகரு, சீக்கிரம் கெளம்பு" என்றான்.

நாங்கள் திருச்சி போய்ச் சேர்ந்தபோது கமலாவின் அம்மா உயிர் பிரிந்து, உடலைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். "கமலா வந்துட்டாளா, கமலா வந்துட்டாளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். இதை அவளிடம் சொன்ன உறவுக்காரி கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கமலா மழையைத் திட்டவில்லை, சுரங்கத்தைத் திட்டவில்லை. பெயர் தெரிந்த ஓர் ஆள் இருந்தான், அவனைப் பிடித்துக்கொண்டாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவன் நாலு மணிக்கே கிளம்பிவிட்டான், நடந்தே வந்தான், வராமலே வீட்டில் படுத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் என்று. ஒரே ஒரு தடவைதான் அதற்கு அவள் பதில் சொன்னாள்.

"அவரு எப்ப பொறப்பட்டாருன்னு உங்க ஃபோர்மேன் கேக்கட்டும். எங்க அம்மா கேக்கலை. எங்க அம்மா கேட்டது, நான் வந்துட்டேனான்னு."

அப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. எங்கள் மகள் கல்யாணத்துக்கு இராமலிங்கமும் அவன் மனைவி அஞ்சலையும் வந்தார்கள். கமலா அஞ்சலைக்குக் குங்குமம் கொடுத்து, பூ கொடுத்து, பந்தியில் உட்கார வைத்தாள். இராமலிங்கம் நின்ற பக்கம் திரும்பவில்லை. அவனும் அதைப் புரிந்துகொண்டு தள்ளியே நின்றான்.

இரண்டு பேரும் ரிட்டையர் ஆனோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்து நாங்கள் வடலூரில் வீடு கட்டிக்கொண்டோம். என் மகள் ஒருநாள், "அப்பா, அம்மா கப்பலைப் பாத்ததே இல்லையே, நான் புக் பண்றேன்" என்றாள். நிஜம்தான். கல்யாணம் ஆன புதிதில் கடலூரில் கடலைக் காட்டியதோடு சரி. என்றைக்காவது கப்பலில் போக வேண்டும் என்று கமலா அன்றைக்குச் சொன்னது மகளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நான் தயங்கித் தயங்கி, இராமலிங்கத்துக்கும் அஞ்சலைக்கும் சேர்த்துப் போடச் சொன்னேன். அவனோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்காதா?

கமலா சண்டை போடவில்லை. "கப்பல் பெருசு, அதுல வரட்டும். கார் சின்னது, அதுல வேணாம்" என்றாள்.

இதை இராமலிங்கத்திடம் எப்படிச் சொல்வது என்று நான் மென்று விழுங்கினேன். அவனே, "புரியுதுப்பா. நாங்க தனியா வண்டி வெச்சிகினு வந்துடறோம். நீ தங்கச்சிய பாத்துக்க" என்றான். முந்தின நாளே வந்து லாட்ஜில் தங்கச் சொன்னேன். "லாட்ஜ்ல எல்லாம் அஞ்சலைக்குத் தூக்கம் வராது. அன்னிக்கே இருட்டோட கெளம்பிடறோம்" என்றான்.

நாங்கள் முந்தின நாளே பெரம்பூரில் இருக்கும் கமலாவின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டோம். காரில் பின் சீட் காலியாகத்தான் இருந்தது. ஒரு பெட்டியும் பழக்கூடையும் சொகுசாக உட்கார்ந்து வந்தன.

மறுநாள் காலையில் நான் ரிலீவர் புத்தியோடு வெகு சீக்கிரம் துறைமுகத்துக்குப் போய், செக்யூரிட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உங்களுக்குக் குடுத்த நேரம் மத்தியானம் ஐயா. இப்ப வந்து நின்னா எப்படி?" என்றான். வாசலுக்கு எதிரே நிழல் பார்த்து உட்கார்ந்தோம். தூரத்தில் வெள்ளையாகக் கப்பலின் மேல் பகுதி மட்டும் தெரிந்தது. கமலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இராமலிங்கத்தின் போன் வந்தது.

"பாலாத்துப் பாலத்துக்கு இந்தாண்ட நிக்கறோம் சேகரு. கேஸ் டேங்கர் ஒண்ணு கவுந்து கெடக்குது. போலீஸ் ஒரு வண்டியையும் வுட மாட்டேங்குறாங்க."

"எவ்ளோ நேரமா?"

"ரொம்ப நேரமா. இப்ப வுட்டுடுவாங்கன்னு சொல்லிகினே இருக்காங்க."

அடுத்த போனில் அதே இடம். அதற்கடுத்த போனிலும் அதே இடம். எங்களை உள்ளே விட்டார்கள். கூடம் மாதிரி பெரிய இடம், ஒரு பக்கம் கவுண்டர், பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். மூன்று மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவோம் என்று எழுதிப் போட்டிருந்தது. குடும்பம் குடும்பமாக எங்களைத் தாண்டிப் போனார்கள். நாங்கள் கதவோரத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து வாசலைப் பார்ப்பேன், வந்து உட்காருவேன், மறுபடி எழுந்திருப்பேன். மறுபடியும் இவன், மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் கமலா பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். கமலா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. "காரை வுட்டுட்டோம்பா. பாலத்து மேலயே நடந்து அந்தாண்ட வந்து, ஆட்டோ புடிச்சு, செங்கல்பட்டுல ட்ரெயின் ஏறிட்டோம். பீச் ஸ்டேஷனுக்கு வந்துடறோம்" என்று சொல்லும்போதே லைன் கட் ஆயிற்று.

கவுண்டரில் கூட்டம் குறைந்து, கடைசியில் ஆளே இல்லாமல் போயிற்று. அங்கே இருந்த பெண் எழுந்து எங்களிடம் வந்தாள். "சார், உங்க புக்கிங்ல நாலு பேர். வந்த ரெண்டு பேர் மட்டும் ஏறலாம், பிரச்சினை இல்ல. இதுக்கு மேல வெயிட் பண்ணா நீங்களும் ஏற முடியாது."

சொன்னால் நம்ப மாட்டீர்கள். சர்வீஸ் முழுக்க ரிலீவர் வராமல் இறங்காத நான்தான் முதலில் எழுந்து பெட்டியைத் தூக்கினேன். இன்னொரு தடவை கமலாவை வாசலிலேயே நிறுத்திவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. "வா கமலா, போலாம்" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "போனைக் குடுங்க" என்றாள்.

நானே நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். பெல்ட் சத்தத்தில் வேலை பார்த்தவன், போனில் கத்தித்தான் பேசுவான். அவன் சொன்னதெல்லாம் எனக்கும் கேட்டது, அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணே, கமலா பேசறேன்."

ரயில் ஓடுவது மட்டும் கேட்டது.

"எப்ப பொறப்பட்டீங்க?"

"ரெண்டு மணிக்கும்மா. அஞ்சலை ராத்திரி படுக்கவே இல்ல. தங்கச்சிய இன்னொரு தபா காக்க வெக்கக் கூடாதுன்னு அதுதான் என்னைக் கெளப்பிவுட்டுச்சு. நீங்க ஏறிக்கங்கம்மா. எங்களுக்காவ நிக்காதீங்க. சைதாப்பேட்டை தாண்டிட்டோம், வந்துகினே இருக்கோம், இருந்தாலும் நீங்க ஏறிக்கங்க."

கமலா போனை என்னிடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்து, "இவரு வேலை பாத்த எடத்துல, வர வேண்டிய ஆள் வராம எடத்த விட்டு நகர மாட்டாங்கம்மா. நாங்க இருக்கோம்" என்றாள்.

"கமலா, கப்பல் போயிடும்."

"போனா போகட்டும். அவங்க நேரத்தோடதானே பொறப்பட்டிருக்காங்க." அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "கார்ல பின்னாடி எடம் இருந்துச்சுங்க."

அந்தப் பெண் திரும்பிப் போனாள். கவுண்டரில் ஒரு விளக்கை அணைத்தார்கள். பெட்டிகளை இழுத்துப்போகும் ஆட்கள் தள்ளுவண்டியைத் திருப்பி நிறுத்தினார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "கேட்டுக்கு வந்துட்டோம்பா!" கேட்டுக்கு வந்தால் எங்கள் கணக்கில் வந்ததாகாது. கமலா எழுந்து போய், மூடத் தயாராக நின்ற கண்ணாடிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். கதவருகே இருந்த காவலாளி, "அம்மா, தள்ளுங்க" என்றான். அவள் காதில் வாங்கவே இல்லை.

முதலில் அஞ்சலைதான் தெரிந்தாள். பட்டுப் புடவை கட்டி, தலையில் ஒரு பையை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் இராமலிங்கம், இரண்டு கையிலும் பெட்டி, சட்டை முழுக்க வேர்வை. கமலா விரலை நீட்டிக் கவுண்டரைக் காட்ட, அஞ்சலை நிற்காமல் அங்கேயே ஓடினாள். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே அணைத்த விளக்கை மறுபடி போட்டாள்.

இராமலிங்கம் என் முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. ஆயிரக்கணக்கான தடவை சொன்ன வார்த்தைதான் தானாக வாயில் வந்தது.

"நான் வந்துட்டேன், நீ கெளம்பு."

கமலா கதவை விட்டு வந்தாள். அவன் கையிலிருந்து ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"யாரும் கெளம்ப வேணாம்ண்ணே. இன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட்டு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.